முதல் நாள் வோட்டை மறைச்சு வை மச்சான்

மச்சான்,

சுகமா இருக்கிறியோ? இஞ்ச எல்லாரும் சுகம், வெயில்தான் தாங்கேலாமல் கிடக்கு. நீ செய்யப்போற விவசாயக் கேள்வி-பதில் ஆப் பற்றிக் கேட்டனியெல்லோ, எனக்கு அதில பதில்களுக்குச் சனம் போடுற வோட்டு விசயம்தான் மண்டைக்குள்ள நிக்குது.

எங்கட வெங்காயக் குறூப்பில போன மாசம் கோப்பாய்ப் பெடியன் ஒருத்தன் இலை சுருண்டு முறுகிக் கிடக்கிற படம் போட்டவன். அஞ்சு நிமிசத்தில ஒருத்தர் யூரியா போடுங்கோ எண்டார், உடன லைக் குவிஞ்சுது. இரவு ரிட்டயரான விவசாயப் போதனாசிரியர் ஒராள் வந்து, இது பங்கசு, யூரியா கூடினா இன்னும் மோசமாகும், இந்த வெங்காயத்தை விதைக்கு வைக்காதேங்கோ எண்டு வடிவா எழுதினவர், அதை ஆரும் பாக்கேல்ல. பெடியன்ர பயிர் போச்சு மச்சான், எனக்கு இப்பவும் மனம் ஆறேல்ல.

2013இல சயன்ஸ் சஞ்சிகையில சினான் ஆரல் ஆக்கள் ஒரு ஆய்வு போட்டவை. கொமெண்டுகளுக்குத் தாங்களே முதல் ஒரு பொய் அப்வோட்டை, அதாவது லைக் மாதிரி ஆதரவு வோட்டைக் குடுத்துவிட, கடைசி ஸ்கோர் சராசரியா 25% கூடிச்சுதாம். வேற சிலதுக்குப் பொய் டவுன்வோட்டு, அதாவது எதிர் வோட்டுக் குடுத்தவை. அந்த டவுன்வோட்டைச் சனம் திருத்தியிருக்கு, பொய் அப்வோட்டைத் திருத்தேல்ல. அதால முதல் ஒரு நாள் எண்ணிக்கையை மறை, ரெடிட் எண்ட கலந்துரையாடல் தளத்தில குறூப்பை நடத்துற மொடரேட்டர் விரும்பினா 24 மணித்தியாலம் வரைக்கும் மறைக்கலாம். ஆனா நம்பரை மட்டும் மறைச்சுப்போட்டு வரிசையை வோட்டுப்படி விட்டா பிரயோசனமில்லை, மேல கிடக்கிறதைத்தான் சனம் வாசிக்கும், அந்த ஒரு நாள் பதில்களைக் கலைச்சுக் காட்டு.

பிறகு வரிசைப்படுத்தேக்க வில்சன் கணக்கைப் பார், அது வீதத்தோட எத்தினை பேர் வோட்டுப் போட்டவை எண்டதையும் சேர்த்துப் பாக்கிற புள்ளிவிபரக் கணக்கு, 1927இல வந்தது, ரெடிட் 2009இல எடுத்தது. 10 பேரில 9 பேர் சரியெண்டது, 90 பேரில 60 பேர் சரியெண்டதுக்கு மேல நிக்கும், ஒரேயொரு ஆள் வோட்டுப் போட்டு 100% ஆனது ரெண்டுக்கும் கீழ போயிடும்.

டவுன்வோட்டுக்கு ஒரு விலை வை, ஸ்டாக் ஓவர்புளோ எண்ட புரோகிராமர்மாரின்ர கேள்வி-பதில் தளத்தில ஒரு பதிலுக்கு டவுன்வோட்டுப் போட்டா போட்டவருக்கும் 1 புள்ளி குறையும். மற்றது, நல்ல பதிலுக்கு ஆக்களுக்குக் குடுக்கிற புள்ளியை விசயம் விசயமாப் பிரி, வெங்காயத்தில பேர் எடுத்தவர் ஆட்டு வருத்தத்துக்குச் சொல்லுறதுக்கு அதே மதிப்பு ஏன்?

இதெல்லாம் செய்யேலுமோ எண்டு உன்ர டெவலப்பரைக் கேட்டு எழுது. டெஸ்ட் பண்ண இஞ்சத்தைத் தோட்டக்காரர் கொஞ்சப்பேரை நான் சேர்த்துத் தாறன், அந்தப் போதனாசிரியர் ஐயாவையும் கேட்டிருக்கிறன், ஓமெண்டிட்டார்.