கிழக்குக் காங்கோவின் கோமாவில் நடப்பது யாருடைய போர்?

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பத்மா அக்கா இன்னும் அதே வழக்கைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறார். நீ சிரிப்பாய் என்பதால் விவரம் எழுதவில்லை. அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

யார் சுட்டாலும் சாவு சாவுதானே, காங்கோவில் நடப்பதை உள்நாட்டுப் போர் என்றும் நாடுகளுக்கு இடையிலான போர் என்றும் வகை பிரித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருந்தாய். கல்லூரிக் காலத்திலேயே இப்படி ஒரே கேள்வியில் ஒரு பாடத்தையே கவிழ்த்துவிடுவாய். இந்த முறை நான் விடுவதாக இல்லை. இந்தப் பருவம் முழுவதும் மாணவர்களோடு கிழக்குக் காங்கோவைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அது என்னைத் தூங்கவிடவில்லை.

2025 ஜனவரி இறுதியில், காங்கோ அரசை எதிர்த்துப் போரிடும் எம்23 என்ற ஆயுதக் குழுவினர் அங்குள்ள கோமா நகரைக் கைப்பற்றினார்கள். பிப்ரவரியில் புகாவு நகரும் வீழ்ந்தது. எம்23இல் இருப்பவர்கள் பெரும்பாலும் காங்கோ நாட்டவரே. அரசுக்கும் அந்நாட்டு ஆயுதக் குழுவுக்கும் நடக்கும் சண்டை, போதிய தீவிரமும் அந்தக் குழுவுக்கு ஒரு படைக்குரிய கட்டுக்கோப்பும் இருந்தால், 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான, உள்நாட்டுப் போருக்குரிய 3ஆம் பிரிவுக்குள் வரும். ஆனால் அண்டை நாடான ருவாண்டாவின் மூவாயிரத்திலிருந்து நாலாயிரம் வரையான படையினர் எம்23உடன் சேர்ந்து காங்கோ மண்ணில் நிற்பதாக ஐ.நா. வல்லுநர் குழு 2024இலேயே மதிப்பிட்டது. ருவாண்டா மறுக்கிறது, 1994 இனப்படுகொலையோடு தொடர்புடையவர்கள் தொடங்கிய எஃப்.டி.எல்.ஆர். குழுவிடமிருந்து தற்காத்துக்கொள்வதாகவே சொல்கிறது. இந்த மறுப்புக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. போர் நிலவுவதை ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளாவிட்டாலும் ஒப்பந்தங்கள் பொருந்தும் என்று, நாடுகளுக்கு இடையிலான போருக்குரிய 2ஆம் பிரிவே சொல்லிவிட்டது. களத்தில் நடப்பதுதான் கணக்கு. ருவாண்டாப் படை காங்கோப் படையோடு மோதுமிடத்தில் இரண்டு நாடுகளுக்கு இடையே போர் நடக்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஐ.நா. பாதுகாப்பு அவையும் 2025 பிப்ரவரி 21 அன்று, 2773ஆம் தீர்மானத்தில், ருவாண்டாப் படையை வெளிப்படையாகப் பெயர் சொல்லி வெளியேறக் கோரியது.

கடினமான கேள்வி அடுத்ததுதான். எம்23 தானாகப் போரிடுகிறதா, ருவாண்டாவின் கையாகப் போரிடுகிறதா? பணமும் ஆயுதமும் பயிற்சியும் கொடுப்பது மட்டும் போதாது, அந்தக் குழுவின் நடவடிக்கைகளை ஒருங்கிணைப்பதிலும் திட்டமிடுவதிலும் அந்நிய அரசுக்குப் பங்கு இருந்தால் முழுச் சண்டையும் நாடுகளுக்கு இடையிலான போராக மாறிவிடும் என்று முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் 1999இல் தாதிச் என்பவரின் போர்க்குற்ற வழக்கில் சொன்னது. அமெரிக்காவுக்கு எதிராக நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986இல் சர்வதேச நீதிமன்றம் கேட்ட அளவுகோல் இதைவிடக் கடுமையானது. ஆனால் அங்கே எழுந்தது, குழு செய்த மீறல்களுக்கு அந்நிய அரசைப் பொறுப்பாக்கலாமா என்ற கேள்வி. போரை வகைப்படுத்தத் தாதிச் அளவுகோலே பொருத்தமானது என்பது என் கருத்து.

இதனால் என்ன ஆகிறது என்கிறாயா? பிடிபட்டவனைப் பார். நாடுகளுக்கு இடையிலான போரில் பிடிபடும் படைவீரன் போர்க்கைதி. ஆயுதம் ஏந்திப் போரிட்டதற்காக மட்டும் அவனைத் தண்டிக்க முடியாது, சண்டை ஓய்ந்ததும் விடுவித்தாக வேண்டும். உள்நாட்டுப் போரில் அந்தத் தகுதியே கிடையாது. துரோகம் என்று வழக்குத் தொடுக்கலாம். காங்கோ 2024 மார்ச்சில் மரண தண்டனை மீதான நிறுத்திவைப்பை நீக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தலைநகர் கின்ஷாசாவின் இராணுவ நீதிமன்றம் எம்23இன் கூட்டணித் தலைவர்களுக்கு, பெரும்பாலோர் நேரில் இல்லாமலே, மரண தண்டனை விதித்தது. கோமா நகரத்து மக்களையும் பார். கோமாவை ருவாண்டாவின் கட்டுப்பாட்டிலுள்ள குழு ஆள்கிறது என்று நிறுவப்பட்டால் அது ஆக்கிரமிக்கப்பட்ட நிலப்பகுதி; உணவும் மருந்தும் கிடைக்கச் செய்வது முதல் பல கடமைகளை நான்காம் ஒப்பந்தம் ருவாண்டாவின் தலையில் ஏற்றும். உள்நாட்டுப் போர் என்றால் ஆக்கிரமிப்புச் சட்டம் என்ற ஒன்றே அங்கே இல்லை.

சூடானில் இது இன்னும் கொடுமையாகத் தெரிகிறது. அரசுப் படையோடு போரிடும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படை அல் ஃபாஷர் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, 2024 ஆகஸ்டில், அருகிலுள்ள ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. பொதுமக்களைப் பட்டினி போடுவது எந்தப் போரிலும் தடைசெய்யப்பட்டதே. ஆனால் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனம் முதலில் அதை நாடுகளுக்கு இடையிலான போரில் மட்டுமே போர்க்குற்றமாக எழுதி வைத்தது. உள்நாட்டுப் போருக்கும் நீட்டிய 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஏற்ற நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும், சூடானோ சாசனத்திலேயே சேராத நாடு. குழந்தையின் பசி இரண்டு வகைப் போரிலும் ஒன்றுதான் என்று நீ சொல்வாய். நானும் அதையேதான் சொல்கிறேன். அதனால்தான் இந்தப் பாகுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோக என்னால் முடியவில்லை.

என் பெரிய கவலை, இதை அதிகாரத்தோடு, உரிய நேரத்தில் சொல்ல ஒருவரும் இல்லை என்பது. இதே காங்கோவின் இத்தூரிப் பகுதி உகாண்டாவின் ஆக்கிரமிப்பில் இருந்தது என்று சர்வதேச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது, இழப்பீடாக 32.5 கோடி டாலர் என்று முடிவானது 2022இல். சிறுவர்களைப் படையில் சேர்த்த ஆயுதக் குழுத் தலைவர் லுபாங்காவின் வழக்கில், அதே இத்தூரிச் சண்டையின் ஒரு கட்டத்தைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ஓர் அமர்வு 2007இல் சர்வதேசப் போர் என்றது. விசாரணை அமர்வு 2012இல் இல்லை என்றது. பத்தாண்டு கழித்து நீதிபதிகளே வேறுபடும் ஒன்றை, கைதியின் முன் நிற்கும் ஓர் இளம் அதிகாரி அன்றே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஐயம் இருக்கும்வரை கூடுதல் பாதுகாப்புத் தரும் வகையையே கைக்கொள்ள வேண்டும் என்று நான் வகுப்பில் வாதாடுகிறேன். சட்டம் அப்படிக் கட்டளையிடவில்லை என்று மாணவர்கள் மறுக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியே. இருந்தும் என் நிலையை மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

இன்னொன்று, உன் தம்பி மகன் காங்கோவில் ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தலைக்கவசத்தோடு பணியாற்றியவன் என்பதால் கேட்கிறேன். 2013இல் பாதுகாப்பு அவை 2098ஆம் தீர்மானத்தால் தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மலாவி வீரர்களைக் கொண்ட தாக்குதல் படையணி ஒன்றை அமைதிப்படைக்குள்ளேயே உருவாக்கியது; அது காங்கோப் படையோடு சேர்ந்து எம்23ஐ அப்போது வீழ்த்தியது. போரில் ஒரு தரப்பாகிவிட்டவர் பொதுமக்களுக்குரிய பாதுகாப்பை இழக்கிறார். அந்த இழப்பு படையணிக்கு மட்டுமா, அதே கொடியின் கீழ் கோமாவில் நின்ற இந்திய வீரர்களுக்கும் சேர்த்தா என்பதில் அறிஞர்கள் இன்னும் பிரிந்தே நிற்கிறார்கள். 2025இல் தோற்று நிராயுதபாணியான காங்கோ வீரர்கள் பல நூறு பேர் அமைதிப்படை முகாமில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 30 முதல் செஞ்சிலுவைக் குழுவினர் அவர்களைக் குடும்பத்தோடு கின்ஷாசாவுக்கு அழைத்துச் சென்றார்கள். அந்த முகாம்களில் வாயிற்காவல் நிற்பவருக்கு, வந்து நிற்பவன் யார், அவனுக்கு என்ன தகுதி என்பது பற்றி என்ன பயிற்சி தந்தார்கள் என்று அவனிடம் கேட்டு எழுது. பணி விதிகள் இடம்கொடுத்தால் என் மாணவர்களிடம் ஒரு மணி நேரம் பேச வரமுடியுமா என்றும் கேள். தேர்வுக்கு முன் வந்தால் நல்லது.

என்றும் அன்புடன்,
ராஜேஸ்வரி