மியான்மரில் டெல்லியின் கை எட்டும் தூரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மியான்மர் உள்நாட்டுப் போரை முடித்துவைக்க இந்தியா உறுதியுடன் தலையிட வேண்டும் என்று தங்கள் தலையங்கம் வலியுறுத்தியிருந்தது. அதன் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் அப்படி முடித்துவைக்கும் வலிமை எந்த வெளிநாட்டுக்கு இருக்கிறது என்பதைத் தலையங்கம் ஆராயவில்லை.

சீனாவையே எடுத்துக்கொள்வோம். ராணுவ ஆட்சியோடும் எல்லையோர ஆயுதக் குழுக்களோடும் ஒருசேர உறவு வைத்திருக்கும் அந்த நாடு, 2024 ஜனவரியில் தன் குன்மிங் நகரில் இரு தரப்பையும் வைத்துப் பேசி முடித்த போர்நிறுத்தம் அந்த ஆண்டு ஜூன் மாதமே முறிந்தது. எல்லை வாயில்களை அடைத்து நெருக்கியதில், அந்த எல்லையோரக் குழுக்களில் ஒன்றான கோகாங் படையினர் பிடித்திருந்த லாஷியோ நகரம் 2025 ஏப்ரலில் ராணுவத்திடம் திரும்பியது உண்மைதான். ஆனால் திரும்பியது ஒரு நகரம், போர் நிற்கவில்லை. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் அமைதிக்காக வகுத்த ஐந்து அம்ச உடன்பாடும் போரை நிறுத்தவில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

அதற்காகத் தலைநகர் நேப்பிடோவில் உள்ள ராணுவ ஆட்சியை நம்பிக் காத்திருப்பதும் பயன் தரவில்லை. 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் மியான்மர் குறித்த தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஆனால் மியான்மர் வழியாக மிசோரமை இணைக்க நாம் அமைக்கும் கலாதான் போக்குவரத்துப் பாதையில் உள்ள பலேத்வா நகரம் 2024 ஜனவரியில் ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் அரக்கான் படை என்ற ஆயுதக் குழுவின் கைக்குப் போனதை ராணுவ ஆட்சியால் தடுக்க முடியவில்லை.

1964-இல் பர்மாவின் (இன்றைய மியான்மர்) ராணுவ ஆட்சியாளர் நே வின்னின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது ரங்கூனில் மளிகைக் கடையை இழந்தவர் என் தாத்தா. அந்தக் கடையை மீட்டுத்தர இந்திய அரசால் ஆகவில்லை; கப்பல் அனுப்ப முடிந்தது. ஒரு தகரப் பெட்டியோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய அவர், டெல்லியைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. கப்பலில் இடம் கிடைத்த கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

ஆகவே, தலையங்கம் பேசியிருக்க வேண்டியது 1,643 கிலோமீட்டர் எல்லையின் இந்தப் பக்கத்தைப் பற்றி. வருகிறவர்களைத் தடுக்குமாறு 2021 மார்ச்சில் மத்திய உள்துறை அறிவுறுத்திய பிறகும், மியான்மரிலிருந்து தப்பி வந்த சின் இன மக்களைத் திருப்பியனுப்ப மிசோரம் மறுத்துவிட்டது; அங்கே அடைக்கலம் புகுந்தவர்கள் 30,000-க்கும் மேல். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நம் நாட்டில் அவர்களுக்கு அகதி என்ற சட்டப்பூர்வமான பெயர்கூட இல்லை. அவர்களுக்கு அடையாளச் சீட்டும் அரிசியும் கிடைக்கச் செய்ய எந்த அண்டை நாட்டின் சம்மதமும் வேண்டியதில்லை. உள்துறை அமைச்சகம் மனம்வைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வியாசர்பாடி, சென்னை.