அளவு மாறாமல் காட்டு, அம்மிணி

சென்னிமலை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. காத்துதான் பொழுதன்னிக்கும் புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டுகிறது.

அருங்காட்சியகங்களுக்கு ஆப் செய்யும் வேலையில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாயே, கேட்டதிலிருந்து எனக்கு அதே யோசனை. காலமெல்லாம் டிராயிங் மாஸ்டராக இருந்தவனுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் பாதிதான் சொல்ல வரும் என்று எழுதுகிறேன்.

கேமராவில் தெரியும் நம் வீட்டுக்குள்ளேயே ஓவியத்தைக் கொண்டுவந்து நிறுத்திக் காட்டும் என்று நீ சொன்ன கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் ஆப்பை, ஞாயிற்றுக்கிழமை ஓவியம் படிக்க வரும் பிள்ளைகளோடு திறந்து பார்த்தேன். ஆசாரத்தில் வழுவழு சிமெண்ட் தரை, வெள்ளையடித்த சுவர். போனை எப்படித் திருப்பினாலும் படம் நிற்கவில்லை. கேமரா கண்ணில் படும் புள்ளி, கோடு, முனைகளைப் பிடித்துக்கொண்டு, போனுக்குள் இருக்கும் அசைவு உணரிகளையும் வைத்துத்தான் தான் நிற்கும் இடத்தைக் கணக்குப் போடுகிறது என்று நீ விளக்கியது அப்போது ஞாபகம் வந்தது. உள்ளே போய்க் கட்டம் போட்ட நம் ஊர் பெட்ஷீட் ஒன்றை எடுத்துவந்து விரித்தேன். உடனே பிடித்துக்கொண்டது!

அதன்மேல் டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோடணிந்த பெண்’ வந்து நின்றது. பிள்ளைகள் அந்தப் படத்தைப் போனில் பார்த்திருக்கிறார்கள். கதவு அளவுக்கு இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அதன் உயரம் 44.5 சென்டிமீட்டர், அகலம் 39. ஒரு பிள்ளை கையை நீட்டி அளந்து பார்த்துவிட்டு, “ரெண்டு சாணுதானுங்களா சார்?” என்றாள். அப்புறம் போனோடு கிட்டே போனவள், “தோட்டுக்குக் கொக்கியே காணோமுங்க!” என்றாள். உண்மைதான். 1665 வாக்கில் வெர்மீர் அந்த முத்தைத் தீட்டியது வெள்ளையில் இரண்டொரு தொடுகையால்தான். அந்தப் படம் இருக்கும், நெதர்லாந்தின் ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குப் போனவர்களிலேயே எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்களோ!

அச்சில் பார்த்தே ஓவியம் படித்தவர்கள் நாங்கள். கோயில் சுவரை அடைத்து நிற்கும் ஓவியமும் விரல்நுனியில் நிற்கும் காசும் புத்தகத்தில் ஒரே அளவுக் கட்டத்துக்குள் வந்துவிடும். பக்கத்தில் சென்டிமீட்டர் போட்டிருந்தாலும் கண்ணுக்கு ஏறாது. அந்த அளவைத் திருப்பிக் கொடுக்க உங்கள் போனால் முடிகிறது. அதனால், எதைக் காட்டினாலும் முதலில் உள்ள அளவிலேயே நிற்கட்டும். பெரிதாக்குவது அப்புறம்.

பெரிதாக்கத்தான் வேண்டியவையும் உண்டு. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலையே எடுத்துக்கொள். சங்கப் பாடலில் வரும் கொடுமணம் அதுதான். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் அங்கே தோண்டத் தொடங்கியது. பச்சைக்கல், சூதுபவளம், படிகம் என்று மணிகள் கிடைத்தன. துளையிட்டது, துளையிடாதது, வேலை பாதியில் நின்றுபோனது எல்லாம். துவரம்பருப்பு அளவு மணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் யாருக்கு என்ன தெரியும்? அதைத் தேங்காய் அளவுக்கு நம் முன்னால் நிறுத்தி, சுற்றிவந்து துளைக்குள் எட்டிப் பார்க்க விட்டால், அவ்வளவு கெட்டியான கல்லில் அந்தக் கை எப்படி வேலை செய்தது என்று பிள்ளைக்குப் புரியும். ஆனால் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசையும் அதே மடங்கு பெரிதாக்கி வைத்துவிடு. இல்லாவிட்டால் உண்மை அளவு மறுபடியும் தொலைந்துவிடும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் கலைக்கூடத்தில் 2017-இல் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்றைய இராக்கில் இருந்த பழைய பாபிலோன் நகரத்தின் இஷ்தார் வாசலிலிருந்து வந்த, யாளி மாதிரி ஒரு மிருகம் மட்டும் சுவரில் இருக்கிறது. அப்போது போனைக் காட்டினால் அந்த வாசல் முழுசாக எழும்பி நின்றதாம். துண்டாக வந்து சேர்ந்த பொருளுக்கு அது இருந்த இடத்தையே திருப்பிக் கொடுத்தார்கள்.

இதில் ஒன்றை நீ கறாராகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிடைத்தது எது, நாமாகச் சேர்த்தது எது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். அந்த முத்துத் தோட்டுப் பெண்ணுக்குப் பின்னால் இன்றைக்கு வெறும் இருட்டு. முதலில் அங்கே பச்சைத் திரை இருந்தது என்று 2018-இல் ஆராய்ந்து, 2020-இல் அருங்காட்சியகமே அறிவித்தது. அந்தத் திரையைப் போனில் தாராளமாகத் தொங்கவிடலாம். ஆனால் நிறமும் மடிப்பும் அறிஞர்களின் ஊகம் என்றால், அப்படியே சொல்லிவிடு. ஒரு தட்டுத் தட்டினால் திரை விலகி, உள்ள படம் மட்டும் நிற்கட்டும்.

அப்புறம், எழுத்தைக் குறை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு வரிக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள், கை கடுக்கும். காதில் சொல்லு, தமிழிலும் சொல்லு. இங்கே நிறையப் பிள்ளைகளின் போனில் இந்த வித்தை வேலையே செய்யவில்லை. ஒரு போனைச் சுற்றி ஒரு கும்பல் நிற்கிறது. ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்கும் தெரிகிற மாதிரி செய். நெட் கிடைக்காத இடத்துக்கு முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வழி இருக்கட்டும்.

ஒரு மணியை இப்படிச் சுற்றிப் பார்க்கிற உருவமாக மாற்ற, எத்தனை போட்டோ, எந்தெந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும், வெளிச்சம் எப்படி வேண்டும் என்று உன் ஆபீசில் கேட்டு எழுது. பிள்ளைகள் களிமண்ணில் மணி செய்து காயவைத்திருக்கிறார்கள். அதை வைத்து முதலில் பழகிக்கொள்கிறோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, சாமி.

அன்புடன்,
அப்பா