கண்டி ராஜாவைப் பார்த்துவிட்டு வந்தேன்

அன்புள்ள கண்ணு,

ரோமிலிருந்து நீ அனுப்பிய படத்தை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். தலைகொள்ளாத ஹெல்மெட்டோடு, முன்பின் தெரியாத ஒருவர் ஓட்டும் வெஸ்பாவின் பின்னால் நீ உட்கார்ந்து சிரிக்கிறாய். ஆபீஸ் வேலையாகப் போன இடத்தில் ஒரு நாள் லீவு கிடைத்தது, ரெண்டு மணி நேரம் ஸ்கூட்டரில் பழைய ஊரைச் சுற்றிக் காட்டினார்கள் என்று போனில் மூச்சுவிடாமல் சொன்னாய். அனுமதி இல்லாத கார்கள் நுழையக் கூடாத பழைய தெருக்களில்கூட ஸ்கூட்டர் போகுமாமே. சின்னச் சின்னக் கருங்கல் பதித்த ரோட்டில் முதுகெலும்பு கடகடவென்று ஆடியதையும் சொன்னாய். போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் சந்தோஷம் ஒரு காரணம். இன்னொன்று, நீ ஒன்பதாவது படித்தபோது நடந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. ஊரில் உள்ள ஒரு பழைய இடத்தை நேரில் பார்த்து எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் வேலூர்க் கோட்டையை எடுத்துக்கொள்ள, நீ மட்டும் பாலாற்றங்கரை முத்து மண்டபம் போக வேண்டும் என்றாய். கண்டி ராஜா சமாதி. அப்பாவுக்கு மருந்துக் கடையை விட்டு நகர முடியவில்லை. நான், “வெயில்ல அங்க என்னத்தப் பாக்கப் போற, லைப்ரரி புஸ்தகத்தைப் பாத்து எழுது” என்று சொல்லிவிட்டேன். நீ பேசாமல் உட்கார்ந்து எழுதினாய். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம்கூட ஆகாத இடம் அது. எத்தனையோ வருஷம் கழித்து உன்னை ஒருவர் ஸ்கூட்டரில் ஏற்றி ஊர் காட்டினார், அதுவும் வேறு தேசத்தில். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம்தான் வந்து நின்றது.

எதிர்வீட்டுப் பெண் எம்.ஏ. வரலாறு படிக்கிறாள் என்று சொல்லியிருந்தேன் இல்லையா? அவளும் அவள் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கியிருப்பவர்களுக்கு ஊரைக் காட்டுகிறார்கள். பெட்ரோல், சார்ஜ் செலவுக்குக் கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். மாசக் கணக்கில் அறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடப்பவர்களுக்கு ரெண்டு மணி நேரம் வேறு காற்று. நம் மாடியில் கல்கத்தாக்காரர் ஒருவர், மனைவியின் வைத்தியத்துக்காக மூன்று மாசமாக இருக்கிறார். அவரைத் தம்பி ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. “நானும் வரட்டுமா?” என்று அவளிடம் கேட்டேன். “ஆயா, நீங்க இந்த ஊர்தானே!” என்றாள். “அதனாலதாம்மா பாக்கல” என்றேன்.

ஒரே கண்டிஷன் போட்டாள். சேலை கூடாது, ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும். பீரோவில் நீ விட்டுப்போன பச்சைச் சுடிதார் இருந்தது. அறுபத்தேழு வயதில் அதைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட் பட்டையை அவள் இழுத்து மாட்டிவிட, காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். சித்திரை வெயிலுக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. நம்மூர் வெயிலை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளுடையது பேட்டரி ஸ்கூட்டர், ஆம்பியர். ராணிப்பேட்டையிலேயே செய்கிறார்களாம். சத்தமே இல்லை. வண்டி நகர்ந்த பிறகுதான் கிளம்பிவிட்டது என்றே தெரிந்தது. எனக்கு அப்பாவின் சேத்தக் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, நிமிர்த்தி, உதை உதை என்று உதைப்பாரே! புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து 1985-இல் கைக்கு வந்த வண்டி. வெஸ்பாவும் சேத்தக்கும் ஒரே குடும்பம் என்பதை இவள்தான் சொன்னாள். சண்டை முடிந்து இத்தாலி நொடித்துக் கிடந்தபோது, விமானம் செய்துகொண்டிருந்த பியாஜியோ கம்பெனி 1946-இல் கொண்டுவந்ததாம் வெஸ்பா. வடிவமைத்தவரே விமான இன்ஜினியர். அந்தப் பெயருக்குக் குளவி என்று அர்த்தமாம். நம் பஜாஜ் முதலில் லைசென்ஸ் வாங்கி அதையே இங்கே செய்தது, பிறகு அதே சாயலில் சேத்தக் என்று தன் பெயரில் விட்டது. ரோமில் நீ ஏறியதும் இருபது வருஷம் நான் ஏறியதும் கிட்டத்தட்ட ஒரே வண்டிதான் கண்ணு. ஆனால் அந்த இருபது வருஷமும் கோட்டையைச் சுற்றி மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனோமே தவிர, ஒருநாளும் நின்றதில்லை.

முதலில் கோட்டை. அகழிப் பக்கம் வண்டியை நிறுத்தி, எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் எங்களைப் பார்க்கவிட்டாள். தண்ணீரில் மதில் தலைகீழாக நின்றது. பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கீழே இருந்த சின்ன பொம்மி நாயக்கர் காலத்துக் கட்டடம், 133 ஏக்கர், முழுக்கக் கருங்கல். கல்லைக் கல்லோடு பொருத்திய நேர்த்தியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு எத்தனை பிரதோஷம் போயிருப்பேன். நேராகச் சன்னதி, தீபாராதனை, பிரசாதம், வீடு. இடப் பக்கம் இருக்கிற கல்யாண மண்டபத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஒரு கல்லில் காளையும் யானையும், ரெண்டுக்கும் தலை ஒன்றுதான். ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் காளை, மறு பக்கத்தை மறைத்தால் யானை. கல்கத்தாக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி மாற்றி மாற்றி மறைத்துப் பார்த்தார். மேலே விதானத்தில், நடுவில் பூ, அதைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்தேன்.

நான் கல்யாணமாகி 1979-இல் வந்தபோது இந்தக் கோயிலில் சாமி இல்லை, தெரியுமா? ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நம்மூரைச் சொல்வார்கள். உன் பாட்டி அதைக் கேட்டால் முகம் வாடிவிடும். எப்போதோ படையெடுப்புக்குப் பயந்து எடுத்துப்போன லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. கோயிலை ஆயுதக் கிடங்காகக்கூட வைத்திருந்தார்கள். 1981 மார்ச் 16-ஆம் தேதி சாமியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். சேதி கேட்டு உன் பாட்டி அடுப்பை அப்படியே அணைத்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். அந்தக் கூட்டத்தில் என் வளையல் ரெண்டு உடைந்தது. இதைச் சொன்னதும் எதிர்வீட்டுப் பெண் தன் போனில் ரெக்கார்டு போட்டு, “ஆயா, முதல்ல இருந்து சொல்லுங்க” என்றாள். அவள் படித்தது எனக்குத் தெரியாது, நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் கோயில் திண்ணையில் உட்கார்ந்துவிட்டோம்.

அப்புறம் 1806, சிப்பாய்ப் புரட்சி. பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி, நீயும் படித்திருப்பாய். அதே இடத்தில் நின்று கேட்பது வேறு. நெற்றியில் விபூதி, நாமம் வைக்கக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்று சிப்பாய்களுக்கு உத்தரவு. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. திப்பு சுல்தானின் பிள்ளைகளை இதே கோட்டைக்குள்தான் வைத்திருந்தார்கள். முந்தின நாள் அவர் மகள் ஒருத்திக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. ஜூலை 10, விடிவதற்கு முன்னால் சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள். நூற்றுக்கு மேல் வெள்ளைக்காரர்கள் செத்தார்கள், கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. சேதி ஆற்காட்டுக்குப் போய், கில்லெஸ்பி என்ற அதிகாரி இருபத்தைந்து கிலோமீட்டர் குதிரையில் வந்து சேர்ந்தான். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்தவர்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். நூற்றுக்கணக்கில் செத்தது நம் பிள்ளைகள். 1857-க்கு 51 வருஷம் முன்னால்! உத்தரவையும் பிறகு வாபஸ் வாங்கினார்கள், கவர்னர் பென்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். செத்தவர்களில் எத்தனை பேருடைய அம்மாவுக்கு ஒழுங்காகச் சேதி போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அவள் இந்தியில் சொன்னபோது, மாடிக்காரர் சட்டென்று அவள் கையைப் பிடித்தார். தர்மதலாவில் திப்பு சுல்தான் மசூதி என்று ஒன்று இருக்கிறதாம், தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவாராம். “அது 1842-இல் திப்புவின் கடைசி மகன் கட்டியது, அவர் இங்கிருந்து போனவர்தான்” என்றாள் இவள். மூன்று மாசமாகப் பழக்கமில்லாத ஊரில் தனியாக அலைந்த மனுஷன், “அப்போ எங்க ஊர்க்காரங்க இங்கிருந்து வந்தவங்களா?” என்று கேட்டு அந்த மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று ராத்திரி தன் மனைவிக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார்.

மக்கானில் அந்தச் சிப்பாய்களுக்கு வைத்திருக்கிற நினைவுத் தூணில் ரெண்டு நிமிஷம் நின்றோம். லாங் பஜார் வழியாக வரும்போது மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், வெல்ல வாசனையும் மிளகாய் நெடியும் சேர்ந்து வந்தது. குழி தோண்டிப் போட்ட ஒரு சந்தில் வண்டி தூக்கிப்போட்டதில் என் முழங்கால் மட்டும் கொஞ்சம் வலி. உன் ரோம் ரோட்டை நினைத்துக்கொண்டேன். தைலம் தேய்த்தேன், சரியாகிவிட்டது, கவலைப்படாதே.

கடைசியாக முத்து மண்டபம்.

சின்ன இடம்தான் கண்ணு. 1990-இல் அரசாங்கம் கட்டிய மண்டபம், நடுவில் சமாதிக் கல். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்டியின் கடைசி ராஜா. கண்ணுசாமி என்ற பெயரில் பிறந்த நாயக்கர் வம்சத்துப் பிள்ளை. 1815-இல் பிடித்தார்கள், அடுத்த வருஷம் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். பதினாறு வருஷம் இந்தக் கோட்டைக்குள் காவலில் இருந்து 1832 ஜனவரி 30-இல் இறந்துபோனார். இலங்கைக் கொடியில் இருக்கிற சிங்கம் அவர் கொடியில் இருந்த சிங்கமாம். அவர் சிம்மாசனம் இங்கிலாந்து வரை போய் 1934-இல் இலங்கைக்குத் திரும்பியது. அவர் மட்டும் நம் பாலாற்றங்கரையிலேயே தங்கிவிட்டார். ஊரெல்லாம் ராஜா இல்லாத கோட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தோம், ராஜா இங்கே படுத்திருக்கிறார்.

ஆறு மணலாகத்தான் கிடந்தது. 2021 நவம்பரில் ரெண்டு கரையும் தொட்டு ஓடியதை மொட்டை மாடியிலிருந்து உனக்கு வீடியோவில் காட்டினேனே, அதே ஆறு. அந்தக் கரையில் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினான்கு வயதில் ஊரே கோட்டையை எழுதும்போது நீ மட்டும் இவரைத் தேடிப்போக நினைத்திருக்கிறாய். உனக்கு அவ்வளவு மனசு இருந்திருக்கிறது, நான் கேட்கவில்லை. வெயில் ஒரு சாக்கு. எனக்கு அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரியாததை உன்னிடம் ஒப்புக்கொள்ளவும் தெரியவில்லை. தப்பு என்னுடையதுதான். அதை உன்னிடம் எழுத்தில் சொல்ல வேண்டும் என்றுதான் போனை எடுக்காமல் பேனாவை எடுத்தேன்.

எட்டரைக்கு வீட்டில் இருந்தோம். நாலு பேருக்கும் இட்லியும் முள்ளுக் கத்தரிக்காய் கொத்சும் செய்து போட்டேன். மாடிக்காரரின் மனைவிக்கு ஒரு கிண்ணம் மேலே போனது.

தையில் வந்தால் பனி இருக்கும், சுற்றுவதற்கு நல்ல காலம். பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா, பள்ளிக்கூடத்தில் ரெண்டு நாள் லீவு சொல்லிக்கொள்ளலாம். எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கோட்டைக்குள் இருக்கிற அருங்காட்சியகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை, அந்நேரத்துக்குத் திறந்திருக்கவில்லை. கண்டி ராஜா விளையாடிய தந்தச் சதுரங்கம் அங்கே இருக்கிறதாம். ரெண்டு நாள் கழித்துத் தனியாகப் போய்ப் பார்த்திருக்கலாம், எதிர்வீட்டுப் பெண் கூப்பிடவும் செய்தாள். நீ வந்த பிறகு போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை லீவாம், அதைப் பார்த்து டிக்கெட் போடு.

அன்புடன்,
அம்மா