மலையிலும் அடிவாரத்திலும் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

ஏற்காட்டில் எங்கள் பிள்ளைகள் செல்லும் அங்கன்வாடியின் சுவருக்காக, மாம்பழம், காப்பிக் கொத்து, மிளகுக் கொடி, காட்டெருமை என்று பலகையில் வெட்டிய உருவங்களுக்கு வண்ணம் தீட்டி, ஸ்டென்சிலால் (உருவம் வெட்டியெடுத்த தாளால்) பூவேலையும் எழுத்துகளும் பதித்து, கடந்த வாரம் மாட்டி முடித்தோம். பார்க்க வருகிறவர்கள் எங்களை மட்டுமே பாராட்டிச் செல்வதால், அது யாருக்கெல்லாம் உரியது என்பதை ஊரறியச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதல் நன்றி சேலம் அம்மாபேட்டை ஆசாரி ஐயாவுக்கு. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் முகப்பில் பளிச்சென்று நின்ற நிறம், அறுத்த விளிம்பில் மட்டும் எத்தனை முறை பூசினாலும் உள்ளே இழுபட்டுச் சொரசொரப்பாகவே இருந்தது. அறுபட்ட இடம் தண்ணீரைக் குடிக்கும், அதை அடைக்காமல் வண்ணம் பூசிப் பயனில்லை என்று அவர் விளக்கி, மரப்பசையைத் தண்ணீரில் கரைத்து விளிம்புக்கு ஒரு பூச்சுக் கொடுத்து, காய்ந்தபின் 220 எண் உப்புத்தாளால் தேய்த்துக் காட்டினார். "விரலால தடவிப் பாரும்மா, கண்ணு ஏமாத்தும்" என்று அவர் சொன்னதைத்தான் பிறகு ஒவ்வோர் உருவத்துக்கும் கடைப்பிடித்தோம்.

சிறு பிள்ளைகள் வாயில் வைக்கக்கூடும் என்றதும், செவ்வாய்ப்பேட்டை பெயின்ட் கடைக்காரர் எடுத்துவைத்த எனாமல் டப்பாக்களைத் திரும்ப அடுக்கிவிட்டு, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணங்களைத் தந்தார். வீட்டு, அலங்கார வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருப்பதையும், டப்பாவில் அந்தக் குறிப்பைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதையும் எங்களுக்குச் சொன்னவர் அவரே.

ஸ்டென்சில் வேலை எங்களுக்குக் கைவந்தது, லாரிகளில் எழுத்து எழுதிப் பழகிய சங்ககிரி பெயின்டர் அண்ணனால்தான். தாளுக்கடியில் வண்ணம் கசிந்து 'அ'வின் சுழி அப்பிப்போவதற்குத் தாளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் தூரிகையின் நுனியை மட்டும் வண்ணத்தில் தொட்டு, பழைய துணியில் ஏறக்குறைய முழுவதையும் துடைத்துவிட்டு, செங்குத்தாகப் பிடித்து ஒற்றி ஒற்றி எடுத்தார்; இழுக்கவே இல்லை. நிறம் மங்கலாகத் தெரிந்தாலும் இரண்டாம் ஒற்றலில் நிறைந்துவிட்டது. அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. பலகையில் இருக்கும் அடி நிறத்தையே ஸ்டென்சிலின் ஓரங்களில் முதலில் ஒற்றிக் காயவிட்டால், கசிவது அடி நிறமாகவே இருந்து இடைவெளியை அடைத்துவிடும். அதன்மேல் எந்த நிறம் வைத்தாலும் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும் என்றார். வைத்துப் பார்த்தோம், அப்படியே நின்றது. இதை மறைத்து வைத்துக்கொள்ளாமல் சொல்லிக்கொடுத்த அவருடைய மனசுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

சேலத்தில் வெயிலுக்குத் தூரிகையிலேயே காய்ந்துபோன அதே வண்ணம், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஐப்பசிப் பனிமூட்டத்தில் காயவே மறுத்தது. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் மலைக்குப் பொருந்தாது. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். ஓரத்தை மறைக்க ஒட்டிய மாஸ்கிங் டேப்பை எடுத்தால் வண்ணமும் சேர்ந்து உரிந்து வரும். நகத்தால் ஓரத்தில் அழுத்தி, தடம் விழாவிட்டால் மட்டுமே அடுத்த பூச்சு என்பதும், இடையில் ஓர் இரவாவது விட வேண்டும் என்பதும் அப்படித்தான் புலப்பட்டன. ஈரம் அண்டாத தமது காப்பிக் கிடங்கில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்த எஸ்டேட் மேற்பார்வையாளருக்கும், மாலைதோறும் பலகைகளைச் சுமந்து சென்று அடுக்கிய தம்பிமார்களுக்கும் நாங்கள் மிகவும் கடன்பட்டிருக்கிறோம்.

பொறுமையாக இடம் விட்டுக்கொடுத்த அங்கன்வாடி அக்காவுக்கும் எங்கள் நன்றி. வெட்டிய ஸ்டென்சில்கள் அனைத்தையும் துடைத்து அவரிடமே கொடுத்து வைத்திருக்கிறோம்; சேர்வராயன் மலையின் எந்த ஊர் அங்கன்வாடிக்கு வேண்டுமானாலும் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம், வேலைக்கு நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
அங்கன்வாடித் தாய்மார்கள், ஏற்காடு