நீ அனுப்பின கணக்கு சீட்டுல எழுதாம விட்டுப்போன ஒரு வரி

கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் போட்ட எக்செல் சீட்டை அப்பாவும் நானும் முழுசா படிச்சோம். ஒரு குழந்தைய டிகிரி வரைக்கும் வளர்க்க ஒரு கோடிக்கு மேல ஆகும், அதனால வேண்டாம்னு நினைக்கறோம்னு கடைசில எழுதியிருந்தீங்க. வேணுமா வேண்டாமாங்கறது உங்க முடிவு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அத்தை சித்தி யாராவது கேட்டாலும் நானே பதில் சொல்லிக்கறேன். ஆனா கணக்க வெச்சு முடிவு எடுக்கறதுன்னா கணக்கு சரியா இருக்கணும்ல, திருப்பூர்ல இத்தனை வருசம் பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸ் பாத்தவ நான், அதான் எழுதறேன்.

தடுப்பூசிக்கு நீ போட்டிருக்கறது பிரைவேட் ரேட். போலியோ, பென்டாவேலன்ட், ரோட்டா எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துல காசே இல்ல, நிமோனியாவுக்கு போடற அந்த விலை ஜாஸ்தி ஊசி கூட 2021ல இருந்து அங்கயே போடறாங்க. பிரசவ செலவுக்கு உங்க ரெண்டு கம்பெனி குரூப் இன்சூரன்ஸ்லயும் எவ்ளோ லிமிட்னு பாத்துட்டு மீதிய மட்டும் எழுது.

முதல் பிறந்தநாள் ஹால், போட்டோகிராபர், ரிட்டர்ன் கிஃப்ட், காதுகுத்து இதெல்லாம் குழந்தை செலவுல வராது கண்ணு, அது சொந்தக்காரங்க கணக்கு. உன் சீர் விசேஷத்துக்கு செஞ்ச செலவு உன் ரெண்டு வருச ஸ்கூல் பீஸுக்கு மேல, அன்னைக்கு வந்த மொய்க்கு இன்னும் ஒவ்வொரு வீடா திருப்பி செஞ்சுட்டுதான் இருக்கோம்.

ஸ்கூல் பீஸ் நிஜம்தான், அத குறைச்சு சொல்ல மாட்டேன். ஜூன் மாசம் வந்தா என் மூணு பவுன் செயின் பேங்குக்கு போகும், நகைக்கடன் கவுண்டர்ல நிக்கறவங்கள்ல பாதி பேர் கையில ஸ்கூல் பீஸ் சலானும் இருக்கும். அப்ரைசர் உரசி பாத்து, எடை போட்டு, துணிப்பைல போட்டு சீல் வெப்பாரு, தீபாவளி போனஸ் வந்ததும் வட்டியோட கட்டி திருப்புவோம், நோம்பிக்கு கழுத்துல கிடக்கும், அடுத்த ஜூன்ல மறுபடி அதே கவுண்டர். ஆனா நீ சீட்ல பீஸ வருசா வருசம் 10 சதவீதம் ஏத்திட்டே போற, சம்பளத்த மட்டும் இருபத்திரெண்டு வருசத்துக்கும் இன்னைக்கு வாங்கறதே வெச்சிருக்க, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் நின்னா எந்த கணக்கும் பயமாத்தான் தெரியும்.

காலேஜும் அப்படித்தான். 2013ல நீ கவுன்சிலிங் போனப்ப நம்ம வீட்ல யாரும் டிகிரி படிக்காததால முதல் பட்டதாரி சலுகை கிடைச்சுது, அந்த சர்டிபிகேட்டுக்கு அப்பா வேலைய விட்டுட்டு விஏஓ ஆபீஸ், தாலுகா ஆபீஸ்னு அலைஞ்சாங்க. உன் பிள்ளைக்கு அது கிடைக்காது, நீ படிச்சுட்டல்ல, அந்த வரி சரி. ஆனா மீதி பீஸுக்கு எஜுகேஷன் லோன் வாங்கினோம், 4 லட்சம் வரைக்கும் ஜாமீன் சொத்து கேக்க மாட்டாங்க, அத வேலைக்கு போய் நீயேதான் கட்டி முடிச்ச. அந்த தொகை முழுசையும் அப்பா அம்மா கையில இருந்து போற மாதிரி எழுதியிருக்க. பொண்ணு பிறந்தா போஸ்டாபீஸ்ல செல்வமகள் கணக்கு ஆரம்பிக்கலாம், வருசத்துக்கு 250 ரூபால இருந்து ஒண்ணரை லட்சம் வரைக்கும், 15 வருசம் கட்டினா போதும், 21வது வருசம் முடியும்.

இப்ப நீ எழுதாத வரிக்கு வரேன், எல்லாத்தவிட பெரிய தொகை அதுதான். அம்மாவோட சம்பளம். நீ பிறந்தப்ப எனக்கு ஈஎஸ்ஐல 12 வாரம் லீவு காசு வந்துது, அதுக்கப்புறம் உன்ன பாத்துக்க ஆள் இல்ல, பாட்டி படுக்கையில இருந்தாங்க, கம்பெனில குழந்தைய விட இடம் கிடையாது, வேலைய விட்டேன். பிஎஃப் பணம் எடுத்து வீட்டு அட்வான்ஸுக்கு போச்சு. நீ ஒண்ணாவது போனதும் திரும்ப சேர்ந்தேன், புது ஆள் சம்பளம்தான் குடுத்தாங்க, எனக்கு கீழ வவுச்சர் எழுதின பொண்ணு அப்ப சீனியர். வீட்ல இருந்த வருசத்தோட சம்பளம் மட்டும் இல்ல, அதுக்கப்புறம் வாங்கின ஒவ்வொரு மாச சம்பளமும் குறைஞ்சுதான் வந்துது. உன் ஸ்கூல் பீஸ், காலேஜ் பீஸ் ரெண்டையும் கூட்டினாலும் அத தொடாது. எல்லாரும் குழந்தை என்ன செலவு வெக்குதுன்னே பாக்கறாங்க, பெத்தவ எத விட்டுட்டு வந்தாங்கறத ஒருத்தரும் எழுதறதில்ல, எனக்கு அதுதான் ஆதங்கம்.

2017 சட்டத்துக்கு அப்புறம் மொத ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல கிரெஷ், அதாவது குழந்தைய விட்டு பாத்துக்கற இடம், இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய் பாக்கலாம். உங்க ஆபீஸ்ல கிரெஷ் எங்க, எந்த வயசு வரைக்கும், பணம் யார் கட்டறாங்கன்னு ஹெச்ஆர்கிட்ட மெயில்ல கேளு, வாய் வார்த்தையா வேண்டாம். மாப்பிள்ளைக்கு எத்தனை நாள் லீவுன்னும் கேக்க சொல்லு, பிரைவேட்ல அதுக்கு சட்டம் இல்ல, கம்பெனி பாத்து குடுக்கறதுதான். முதல் ஒரு வருசம் நான் வந்து இருக்கறேன், அப்பாவும் சரின்னுட்டாங்க, அதுக்கு ஒரு வரி போட்டு என் பஸ் டிக்கெட்ட எழுதிக்க.

இதெல்லாம் மாத்தி போட்டு சீட்ட அனுப்பு. அதுக்கப்புறமும் வேண்டாம்னு தோணிச்சுன்னா வேண்டாம்.

அம்மா