டர்பன்லேருந்து தங்கச்சிக்கு, உன் இங்கிலீஷ் கேள்விகளுக்கு

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுறது,

நான் நல்லா இருக்கேன், அங்க அம்மா அப்பா எல்லாரும் சுகம்தான? இங்க இப்ப ராத்திரி ஒம்பது, உங்களுக்கு பன்னெண்டரை ஆயிருக்கும், போன் பண்ணா எழுப்பிவிட்ட மாதிரி ஆயிடும், அதான் உக்காந்து டைப் பண்றேன். பேங்க் எக்ஸாம்ல தப்பு கண்டுபிடிக்கிற கேள்வியிலதான் மார்க் போகுதுன்னு நீ அனுப்புன லிஸ்ட்ட முழுசா படிச்சேன். ரூல மனப்பாடம் பண்ணாத பாப்பா, நீ கேட்டதுல பாதிக்கு மேல நம்ம தமிழ வச்சே புடிச்சிரலாம்.

மொதல்ல சின்ஸ், ஃபார். "அப்பா பத்து வருஷமா கடை நடத்துறாரு", "அப்பா 2015லேருந்து கடை நடத்துறாரு", ரெண்டையும் சொல்லிப் பாரு. "வருஷமா"ன்னு வந்தா எவ்வளவு காலம்ங்கிறது, அது ஃபார். "லேருந்து"ன்னு வந்தா எப்ப ஆரம்பிச்சதுங்கிறது, அது சின்ஸ். இந்த வித்தியாசம் உன் வாயில ஏற்கனவே இருக்கு. நம்மாளுங்க மாட்டுறது வினைச்சொல்லுலதான். தமிழ்ல "நடத்துறாரு"ன்னு நிகழ்காலத்துல சொல்றோமா, அத அப்படியே ஹி இஸ் ரன்னிங் தி ஷாப் சின்ஸ் டென் இயர்ஸ்னு எழுதிடுறோம், அப்ப ஆரம்பிச்சு இன்னும் ஓடிக்கிட்டிருக்கிற விஷயம்னா இங்கிலீஷ்ல ஹேஸ் பீன் வரணும், ஹி ஹேஸ் பீன் ரன்னிங் தி ஷாப் ஃபார் டென் இயர்ஸ். அதே நேத்து, போன வருஷம்னு முடிஞ்சுபோன நேரம் வாக்கியத்துல இருந்துச்சுன்னா ஹேவ், ஹேஸ் கிட்டயே வரக்கூடாது. ஐ சா ஹிம் எஸ்டர்டே, அவ்வளவுதான்.

டிஸ்கஸ் அபவுட் ஏன் தப்புன்னு கேட்டிருந்த. "அதப் பத்திப் பேசினோம்"ல இருக்குற "பத்தி"தான் அபவுட்டா வந்து ஒட்டிக்குது. டிஸ்கஸ்ங்கிறதுக்குள்ளயே அந்த "பத்தி" அடக்கம். டிஸ்கஷன்னு வந்தா மட்டும் அபவுட் போட்டுக்கோ.

பாரோ, லெண்ட் உனக்கு கஷ்டமே இருக்கக்கூடாது, நமக்கு வாங்குறது வேற கொடுக்குறது வேற. எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஏணி வேணும்னா "பாரோ மீ யுவர் லேடர்"னுதான் வந்து நிப்பாங்க. ஆஃப்ரிக்கான்ஸ்னு இங்க தென்னாப்பிரிக்காவுல பேசுற ஒரு மொழி, அதுல ரெண்டுக்கும் ஒரே சொல்தான், அந்தப் பழக்கம் இங்க இங்கிலீஷ்லயும் இருக்கு. ஆன்ட்டியோட கொள்ளுத்தாத்தா காலத்துல கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். 1860ல மெட்ராஸ்லேருந்து ட்ரூரோ கப்பல்ல மொத ஆளுங்க இங்க வந்து இறங்குனாங்கல்ல, அதுக்கு அப்புறம் வந்தவங்க. வீட்டுல பேசுறது இங்கிலீஷ்தான், தமிழ் வராது, ஆனா தைப்பூசம்னா விரதம் இருந்து காவடி எடுப்பாங்க, பாக்கவே மனசு நெறஞ்சிரும். அவங்க பேசுறத தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வராது, அது அவங்க வீட்டுப் பேச்சு. நீ பரீட்சைல மட்டும் லெண்ட் மீன்னு எழுது.

இங்க வந்த புதுசுல யாரா இருந்தாலும் தெரிஞ்சுக்க வேண்டியது ஜஸ்ட் நவ். நம்ம பாடத்துல ஹி லெஃப்ட் ஜஸ்ட் நவ்னா இப்பதான் போனாருன்னு அர்த்தம். இங்க "ஐ வில் கம் ஜஸ்ட் நவ்"னா அப்புறமா வர்றேன்னுதான், பைப் ரிப்பேர் பண்றவர் காலைல அப்படிச் சொல்லிட்டு சாயங்காலம் வந்தாரு, ஊர்க்காரங்க யாரும் கோவிச்சுக்கல. சீக்கிரம் வரணும்னா "நவ் நவ்"னு ரெண்டு தடவ சொல்லணும். சிக்னலுக்குப் பேரு ரோபோ. எதச் சொன்னாலும் "இஸ் இட்?"னு கேப்பாங்க, நம்ம "அப்படியா?" போடுற அதே எடத்துல. உன் எக்ஸாம்ல அது செல்லாது பாப்பா, அங்க ஷி கேன் ஸ்விம்னா கான்ட் ஷி, தே லெஃப்ட்னா டிடின்ட் தே, முன்னாடி இருக்குற வினைச்சொல்லப் பாத்துதான் பின்னாடி போடணும்.

அப்புறம் "நீ எத்தனாவது பொண்ணு"ங்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு கேட்டல்ல, எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி. அதுக்கு நேர் சொல் அங்க கெடையாது, ஆர் யூ தி ஃபர்ஸ்ட் சைல்ட் ஆர் தி செகண்ட்னு சுத்தித்தான் கேக்கணும். தேடித் தேடி நேரத்த வீணாக்காத.

இன், ஆன், அட் பெரிய கதை, ஞாயித்துக்கிழமை எழுதுறேன். அதுக்குள்ள பழைய கேள்வித்தாள் ரெண்டு போட்டுப் பாத்து, எது எது தப்பாச்சுன்னு போட்டோ எடுத்து அனுப்பு. அப்பாகிட்ட இந்த மாசப் பணம் அனுப்பிட்டேன்னு சொல்லிடு.

அன்புடன்
அண்ணன்